பார்க்குக்கு நாள் குறிக்கலாம், கடலுக்குக் குறிக்க முடியாது

ஜோகன்னஸ்பர்க் மிட்ராண்டில் இருக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று வருஷம் ஆகிறதாம். வீட்டில் கணவர், 11 வயது மகள், 5 வயது மகன். டிசம்பரில் மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வருகிறார்கள். மாமியாருக்கு முட்டி வலி, கடலைக் கண்டால் பயம். இருவரும் சுத்த சைவம். கையில் 10 நாள். கோல்ட் ரீஃப் சிட்டி, சன் சிட்டி, டர்பன் உஷாக்கா, தெற்கே போர்ட் எட்வர்ட் பக்கத்து வைல்ட் வேவ்ஸ் என்று நாலு கேளிக்கைப் பார்க்கும் பார்க்க வேண்டும், கடலோரத்திலும் தங்க வேண்டும். எந்த வரிசையில் போவது, எங்கே தங்குவது, சுறா பயம் உண்டா என்பது கேள்வி.

தங்கச்சி, நான் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவன். 20 வருஷத்துக்கு மேலாகக் குடும்பங்களை மினிபஸ்ஸில் ஏற்றிக்கொண்டு இந்தக் கடற்கரை முழுக்கச் சுற்றியிருக்கிறேன். நீங்கள் எழுதியனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டிக்கெட் ஒட்டியிருக்கிறது. அங்கேதான் தப்பு. பார்க்கைத் திறப்பதும் மூடுவதும் மனிதர்கள். அதற்கு நாமே நாள் குறிக்கலாம். கடலைத் திறப்பது காற்றும், கடல் ஏறி வற்றுகிற ஓதமும், முந்தாநாள் பெய்த மழையும். அதற்கு நாள் குறிக்க நம்மால் முடியாது. ஆகவே தங்கும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். கடலோரம் வந்த பிறகு எந்த நாள் பார்க், எந்த நாள் கடல் என்பதை முந்தின ராத்திரி முடிவு செய்யுங்கள். நல்ல காலை கிடைத்தால் கடல். காற்று முறைத்தால் பார்க்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு டிசம்பரில் எங்கள் வீடும் என் தங்கை வீடுமாக 14 பேர், ஒரு நீர்ப் பூங்காவுக்குத் தேதி போட்ட டிக்கெட் வாங்கி வைத்திருந்தோம். முந்தின மூன்று நாளும் கண்ணாடி மாதிரி கடல். 'நாளைக்குப் பார்க் இருக்கே' என்று பிள்ளைகளைக் கடலில் அதிக நேரம் விடவில்லை. பார்க் நாளன்று 11 மணிக்கு இடி. மின்னல் வந்தால் தண்ணீரை விட்டு எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள், அதுதான் சரியும்கூட. மாலை வரை கூரைக்கடியில் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பணம் திரும்பவில்லை. அந்த மூன்று நாள் கடலும் திரும்பவில்லை.

நாலு பார்க்கில் இரண்டை இப்போதே வெட்டுங்கள். சன் சிட்டி உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும் தூரம், டர்பனுக்கு நேர் எதிர்த் திசை. அங்கே வேலி ஆஃப் வேவ்ஸில் மணல் கொட்டி, அலை எழுப்பும் குளம் கட்டி, கடலே இல்லாத ஊரில் கடல் செய்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் நிஜக் கடலுக்குப் போகிற அதே பயணத்தில் அதைச் சேர்ப்பானேன்? ஜனவரியில் பள்ளி திறக்கும் முன் ஒரு வாரநாளில் தனியாகப் போய் வாருங்கள். பக்கத்திலேயே பிலன்ஸ்பர்க் காட்டில் மாமா யானை பார்க்கலாம். சீசனில் சன் சிட்டியில் தங்காத வெளியாட்களுக்கு இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள்.

வைல்ட் வேவ்ஸ் நல்ல இடம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது டர்பனுக்குத் தெற்கே 160 கிலோமீட்டருக்கு மேல், உம்டம்வுனா ஆற்றைத் தாண்டி. போக இரண்டு மணி, வர இரண்டு மணி. ஐந்து வயசுப் பையனையும் முட்டி வலிக்காரரையும் வைத்துக்கொண்டு அதை ஒரே நாளில் செய்யாதீர்கள். தெற்குக் கரையிலேயே, மார்கேட்டிலோ உவோங்கோவிலோ, தங்குவதாக இருந்தால் மட்டும் அது பொருந்தும். உவோங்கோவில் ஆறு அருவியாக விழுந்து, கழிமுகத்தில் தேங்கி, அங்கிருந்தே கடலில் சேர்கிறது. அழகு. இன்னொரு வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் கோல்ட் ரீஃப் சிட்டி, உஷாக்கா. இரண்டும் போதும்.

கோல்ட் ரீஃப் சிட்டியைப் பயணத்தோடு ஒட்டாமல், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு வீட்டிலிருந்தே போய் வாருங்கள். பள்ளி விடுமுறை இல்லாத காலத்தில் வாரத்தின் எல்லா நாளும் திறப்பதில்லை, அதனால் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜோகன்னஸ்பர்க் கோடையில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். பெரிய சவாரிகளை முதலில் நிறுத்திவிடுவார்கள். எனவே வாசல் திறக்கும்போது நீங்கள் வாசலில் இருக்க வேண்டும். மகளும் அப்பாவும் நேராக அனகோண்டாவுக்குப் போகட்டும். அது தண்டவாளத்துக்குக் கீழே காலைத் தொங்கவிட்டுப் போகிற ரோலர் கோஸ்டர். டவர் ஆஃப் டெரர் என்ற சவாரி பழைய சுரங்கக் குழிக்குள்ளேயே விழுகிறது. 11 வயசுக்கு அதை நான் வற்புறுத்த மாட்டேன், அவளே கேட்டால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சவாரி வாசலிலும் உயரம் அளக்கும் கோல் நிற்கும். சின்னவன் அந்தக் கோலுக்குக் கீழே நின்று அழுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 'உனக்கு வேற ரயில் இருக்கு, அக்காவுக்கு வேற ரயில்' என்று வீட்டிலேயே சொல்லி வையுங்கள்.

அங்கே மாமாவுக்கு ஒன்று இருக்கிறது. அந்த இடம் முன்பு கிரவுன் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தின் 14ஆம் குழி. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம். இப்போது பார்வையாளர்களைக் கூண்டில் ஏற்றி மேல்மட்டத்துக்கு மட்டும் இறக்கிக் காட்டுகிறார்கள். மேலே வந்தால் தங்கத்தை உருக்கி அச்சில் ஊற்றிக் காட்டுவார்கள். 1886ல் தங்கம் கிடைத்த பிறகுதான் ஜோகன்னஸ்பர்க் என்ற ஊரே உண்டானது. கோலார் தங்கவயல் கதை கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது ரொம்பப் பிடிக்கும். பக்கத்திலேயே நிறவெறி ஆட்சிக் காலத்தைக் காட்டும் அபார்தைட் மியூசியம். சின்னவனை அங்கே கூட்டிப் போகாதீர்கள். பெரியவர்கள் வேறொரு நாள் நிதானமாகப் போகட்டும். சவாரி முடித்த கையோடு பார்க்கிற இடமில்லை அது.

இனி ரோடு. டர்பனுக்கு என்3 நெடுஞ்சாலையில் சுமார் 570 கிலோமீட்டர், நிற்காமல் வந்தால் ஆறு மணி நேரம். உங்களுக்கு எட்டு என்று வையுங்கள். டிசம்பர் 15ஆம் தேதி மாலையும் 16ஆம் தேதி காலையும் கிளம்பவே கிளம்பாதீர்கள். 16 அரசு விடுமுறை, ஜோகன்னஸ்பர்க்கில் பாதி அன்றுதான் கடலுக்கு இறங்கும். நடுவாரத்தில் விடிகாலை நாலு மணிக்குப் புறப்பட்டால் ஹாரிஸ்மித்தில் காலைச் சாப்பாடு. அது கிட்டத்தட்டப் பாதி வழி. வீட்டிலிருந்து புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு கட்டிக்கொண்டு வாருங்கள். வழிச்சாப்பாட்டை இந்த நாட்டில் 'பட்கோஸ்' என்பார்கள். ஆப்பிரிகான்ஸ் சொல்தான், ஆனால் எங்கள் வீடுகளில் அதுவும் தமிழ் மாதிரி ஆகிவிட்டது. ஹாரிஸ்மித்தைத் தாண்டினால் வான் ரீனன் கணவாய். லாரிகள் வரிசை கட்டி இறங்கும், கோடையிலும் பனிமூட்டம் அடைத்துக்கொள்ளும். லாரியை முந்த அவசரப்படாமல் கியரைக் குறைத்து இறங்கச் சொல்லுங்கள் வீட்டுக்காரரிடம். வழியில் டோல் கேட் நாலைந்து வரும், கார்டு தயாராக இருக்கட்டும். நின்ற இடத்திலெல்லாம் காரைப் பூட்டியதும் கதவைக் கையால் இழுத்துப் பாருங்கள். ரிமோட் சிக்னலைத் தடுத்துவிட்டுத் திருடுகிற கூட்டம் இருக்கிறது.

விமானத்தில் அத்தையும் மாமாவும் மட்டும் வருவது நல்ல யோசனை. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கிங் ஷாக்கா விமான நிலையம் டர்பனுக்கு வடக்கே லா மெர்சியில் இருக்கிறது. நான் தங்கச் சொல்லப்போகும் இடத்துக்கு அது ரொம்பப் பக்கம்.

தங்கும் இடம் பலிட்டோ. டர்பனுக்கு வடக்கே 45 கிலோமீட்டர் போல. டர்பன் ஊருக்குள் கோல்டன் மைல் கடற்கரையில் தங்கினால் உஷாக்காவுக்கு நடந்தே போகலாம், அது பெரிய சௌகரியம்தான். இருந்தும் நான் உங்களை வடக்கே அனுப்புவதற்குக் காரணம் தண்ணீர். 2022 ஏப்ரலில் வந்த வெள்ளம் 400 பேருக்கு மேல் உயிரைக் கொண்டு போனது. கழிவுநீர்க் குழாய்களையும் பம்ப் நிலையங்களையும் அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு டர்பன், உம்ஷ்லாங்கா பக்கத்துக் கடற்கரைகளை ஈ-கோலை கிருமி அளவைப் பார்த்து மூடுவதும் திறப்பதுமாகவே பல மாதங்கள் போயின. நிலைமை எவ்வளவோ தேறியிருக்கிறது. ஆனாலும் பலத்த மழை பெய்தால் ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று நாள் பிள்ளைகளை இறக்காதீர்கள், அது எந்தக் கடற்கரையானாலும் சரி. எந்தெந்தக் கரை திறந்திருக்கிறது என்று நகராட்சி அறிவிக்கும். காலையில் தேநீரோடு அதையும் பார்த்துவிடுங்கள்.

பலிட்டோவை நான் சொல்வதற்கு இரண்டாவது காரணம் பாறைக் குளங்கள். தாம்சன்ஸ் பேயிலும் சற்று வடக்கே சால்ட் ராக்கிலும் கடலோரப் பாறையை ஒட்டிச் சுவர் கட்டி, கடல் தண்ணீர் வந்து நிரம்பும்படி குளம் செய்திருக்கிறார்கள். அலை சுவருக்கு அந்தப் பக்கம் உடையும். உள்ளே தண்ணீர் அடங்கியிருக்கும். ஐந்து வயசுப் பையனுக்குக் கடல் என்றால் இதுதான் கடல். அத்தையும் ஓரத்தில் நாற்காலி போட்டுக் காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம். பயம் தெளிகிற இடம் இது. எங்கள் ஆயாவை, டர்பனில் பாட்டியை நாங்கள் ஆயா என்போம், 70 வயசில் முதல் முறை கடல் தண்ணீரில் உட்கார வைத்தது இப்படி ஒரு குளத்தில்தான். எழுந்திருக்கவே மாட்டேன் என்றார்.

ஆனால் அந்தக் குளத்துக்கும் நேரம் உண்டு. ஏற்றத்தின்போது அலை சுவரைத் தாண்டி உள்ளே விழும், அப்போது சின்னவர்களை இறக்கக் கூடாது. வற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம்தான் நல்ல நேரம். வற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். இன்று காலை 8 மணிக்கு என்றால் நாளை 8.50. இதற்கு உங்கள் மாமாவின் பஞ்சாங்கமே போதும். இந்தக் கரையில் அமாவாசையும் பௌர்ணமியும் வருகிற நாளில் கடல் காலை 10 மணியை ஒட்டி வற்றும். அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் என்றால் ஏழரை, எட்டரை. அதாவது அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ மூன்று நாள் முன்பிருந்து அந்த நாள் வரை, பிள்ளைகள் குளிக்கிற நேரமும் கடல் வற்றுகிற நேரமும் ஒன்றாக வரும். அஷ்டமி பக்கம் போனால் வற்றம் மாலை நாலு மணிக்குத் தள்ளிவிடும். விடுமுறைத் தேதியை நகர்த்த முடியுமானால் இதைப் பார்த்து நகர்த்துங்கள். சரியான நிமிஷத்துக்கு ஓத அட்டவணை போனிலேயே கிடைக்கும்.

டிசம்பரில் இங்கே சூரியன் காலை 4.45க்கே வந்துவிடும். ஊரில் மார்கழிப் பனி, இங்கே மார்கழிப் புழுக்கம். அத்தைக்கு விடியலில் எழுந்து கோலம் போட்ட பழக்கம் இருக்கும், அந்தப் பழக்கத்தை அப்படியே கடற்கரைக்குக் கொண்டு வாருங்கள். விடிகாலையில் காற்று விழித்திருக்காது. பத்து மணிக்கு மேல் வடகிழக்குக் காற்று எழும்பும், மத்தியானத்தில் மணலை முகத்தில் அடிக்கும். பத்தரைக்குக் குடையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குங்கள், நாலரைக்குத் திரும்பி வாருங்கள். 11 மணிக்கு வந்து 3 மணி வரை வெயிலில் கிடந்து, மறுநாள் தோல் உரிந்து அறையில் கிடக்கிற ஜோகன்னஸ்பர்க் குடும்பங்களைப் பார்த்து எனக்கு மனசு கனத்துப் போகும். நம் தோல் கருப்பு, நமக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சல் சட்டை வாங்குங்கள், தொப்பியும்.

சுறா பற்றிக் கேட்டீர்கள். பயம் நியாயமானதுதான். டர்பன் கரையில் 1943லிருந்து 1951 வரை சுறா தாக்கி ஏழு பேர் இறந்தார்கள். 1952ல் வலை போட்டார்கள். அதற்குப் பிறகு டர்பன் கடற்கரைகளில் சுறாவால் யாரும் இறந்ததில்லை. இப்போது குவாசூலு-நட்டால் சுறா வாரியம் டர்பனுக்கு வடக்கும் தெற்குமாகப் பல கரைகளில் வலையும் தூண்டில் மிதவையும் வைத்துப் பார்த்துக்கொள்கிறது. வலை என்றால் கரையிலிருந்து கரைக்கு அடைத்த வேலி இல்லை. சுமார் 200 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழத் துண்டுகள் வரிசையாக மிதக்கும், சுறா எண்ணிக்கையை அந்தப் பக்கத்தில் குறைப்பதே அதன் வேலை. அதில் ஆமையும் டால்பினும் சிக்கிச் சாவதும் உண்டு, அது எனக்கு வருத்தம். ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் வரும்போது வலையை எடுத்துவிடுவார்கள். அப்போது குளிக்கத் தடை. டிசம்பரில் அந்தக் கவலை இல்லை.

நான் பயப்படுவது சுறாவுக்கு அல்ல, இழுவை நீரோட்டத்துக்கு. உயிர்காப்பாளர்கள் காலையில் வந்து இரண்டு கொடி நடுவார்கள். அவற்றுக்கு நடுவே மட்டும்தான் குளியல். கொடி நடும் முன்பு மணலில் விளையாட்டு, பாறைக் குளம், நண்டு பிடிப்பது. அலை ஒழுங்காக உடைந்துகொண்டே வரும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். தெரியாதவர்கள் 'இங்கேதான் சாந்தமா இருக்கு' என்று அங்கேயே இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகிற வழி அது. அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்து, கையைத் தூக்கி, இழுப்பு தளர்ந்ததும் பக்கவாட்டில் போய்த்தான் வெளியே வர வேண்டும். இதை மகளிடம் கிளம்பும் முன்பே சொல்லிக் கொடுங்கள், 11 வயசில் நன்றாகப் புரியும். கரையில் கம்பங்களில் இளஞ்சிவப்பு மிதவை தொங்கும். யாராவது அகப்பட்டால் அதைத் தூக்கிப் போடுங்கள், நீச்சல் தெரிந்த தைரியத்தில் குதிக்காதீர்கள். கடலிலிருந்து காற்று அடித்த மறுநாள் நீலக் குமிழி மாதிரி, ஜெல்லி மீன் போன்ற உயிர்கள் ஒதுங்கும். எங்கள் பக்கத்தில் புளூபாட்டில் என்போம். வால் பட்டால் எரியும். தேய்க்காமல் கடல் தண்ணீரில் கழுவி, பிறகு தாங்கக்கூடிய சுடுநீரில் 20 நிமிஷம் வைத்தால் அடங்கும்.

இனி உஷாக்கா. காற்று கெட்ட நாளுக்கு, அல்லது மேகம் மூடிய நாளுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். 2004ல் திறந்தது, டர்பன் துறைமுக வாயை ஒட்டிய பாயின்ட் பகுதியில். அதற்குள் இரண்டு தனி உலகம் இருக்கிறது, டிக்கெட்டும் தனித்தனி. சீ வேர்ல்ட் என்பது மீன் காட்சியகம், வெட் அண்ட் வைல்ட் என்பது சறுக்குகள் உள்ள நீர்ப் பூங்கா. எல்லாருக்கும் இரண்டும் சேர்ந்த டிக்கெட் வாங்குவதுதான் பலர் செய்கிற வீண் செலவு. அத்தைக்கும் மாமாவுக்கும் சீ வேர்ல்ட் போதும். கடைகள் இருக்கும் பகுதிக்கு டிக்கெட்டே கிடையாது.

மழை தூறினாலும் சீ வேர்ல்ட் கெட்டுப்போகாது. மீன் காட்சியகம் பழைய சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடப்பது போலக் கட்டப்பட்டது. துருப்பிடித்த கப்பல் வயிற்றுக்குள் இருட்டில் நடந்து போவீர்கள், இரண்டு பக்கமும் கண்ணாடிக்கு அப்பால் சுறாவும் திருக்கையும் நீந்தும். சின்னவன் வாயடைத்துப் போவான். தரை சில இடங்களில் சரிவு, சில இடங்களில் மங்கல் வெளிச்சம், அத்தை கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி கிடைக்குமா என்று வாசலிலேயே கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. டால்பின், பென்குயின், சீல் காட்சிகளுக்கு நேரம் ஒதுக்கியிருப்பார்கள். போனதும் நேரப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு அதைச் சுற்றியே மற்றதைப் பாருங்கள். கடல் ஆராய்ச்சி செய்கிற ஒரு சங்கம்தான் அதை நடத்துகிறது, அடிபட்ட ஆமைகளுக்கு வைத்தியம் பார்த்துத் திரும்பக் கடலில் விடுகிறது. மகளுக்கு இதில் ஆர்வம் வந்தால் அங்கே வேலை செய்பவர்களிடம் பேச விடுங்கள். பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

அப்பாவும் பிள்ளைகளும் நீர்ப் பூங்காவுக்குப் போகிற இரண்டு மூன்று மணி நேரம் என்ன செய்வது என்று அத்தை கேட்பார். வெளியே வந்து நடைபாதையில் துறைமுக வாய் வரை மெதுவாக நடங்கள், உட்கார இடம் இருக்கிறது. கப்பல்கள் கை எட்டும் தூரத்தில் போவது போல உள்ளே நுழையும். மெட்ராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் தேதி எங்கள் முன்னோர்களில் முதல் கூட்டத்தைக் கொண்டு வந்தது இந்தத் துறைமுகத்துக்குத்தான். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். கப்பல்கள் 1911 வரை வந்துகொண்டே இருந்தன. என் கொள்ளுத்தாத்தாவும் அப்படி வந்தவர்தான். பிறகு இந்த நாட்டில் சட்டம் போட்டுக் கடற்கரையையே நிறம் பார்த்துப் பிரித்தார்கள். நல்ல மணல் வெள்ளையருக்கு, அதைப் பலகை நட்டு எழுதியும் வைத்தார்கள். 1980களின் கடைசி வரை அந்தப் பலகைகள் நின்றன. அந்தச் சட்டம் நீங்கியது 1990ல். என் அப்பா 30 வருஷம் இந்த ஊரில் உழைத்தவர், இப்போது உங்கள் பிள்ளைகள் ஓடப்போகிற மணலில் அவர் கால் வைத்தது முடி நரைத்த பிறகு. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். அங்கே நிற்கும்போது பேரப்பிள்ளைகளுக்கு அவர் சொல்லட்டும்.

நீர்ப் பூங்காவுக்கு ஒரு எச்சரிக்கை: சீசன் இல்லாத வாரநாட்களில் மூடியிருப்பதுண்டு. டிசம்பர் விடுமுறையில் திறந்திருக்கும், ஆனால் கூட்டம். காலை முதல் இரண்டு மணி நேரத்தில் பெரிய சறுக்குகளை முடித்துவிட்டு, வரிசை நீண்டதும் டயரில் மிதந்து போகிற ஆற்றுக்கு மாறிவிடுங்கள். அன்றைக்குக் கடலில் இறங்காதீர்கள். ஒரே நாளில் இரண்டும் என்றால் பிள்ளைகள் களைத்துப்போவார்கள்.

வெளிச் சாப்பாட்டைப் பார்க் உள்ளே விடுவது சந்தேகம். சோற்றுத்தூக்கைக் காரில் வைத்துவிட்டு, கையில் முத்திரை போட்டுக்கொண்டு வெளியே வந்து சாப்பிட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சைவத்துக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றித் தருகிற பன்னி சோவ் (bunny chow) பேர் பெற்றது. 'பீன்ஸ் பன்னி' என்று கேளுங்கள், காரமாகப் பயற்றங்குழம்பு மாதிரி இருக்கும், ஒரு குவார்ட்டர், அதாவது கால் ரொட்டி, இருவருக்குப் போதும். சாட்ஸ்வர்த்தில் ஹரே கிருஷ்ணா கோயிலுக்குள்ளேயே சைவச் சாப்பாடு கிடைக்கும். அத்தைக்கு அங்கே மனசுக்கும் வயிற்றுக்கும் நிறைவாக இருக்கும். மவுன்ட் எட்ஜ்கோம்பில் கரும்புத் தோட்ட காலத்துப் பிள்ளையார் கோயில் இருக்கிறது, பலிட்டோவிலிருந்து டர்பன் வருகிற வழியிலேயே. ஒரு காலை அதற்கும் கொடுங்கள். மற்ற நாளெல்லாம் வீட்டுச் சமையல்தான். அதனால்தான் ஹோட்டல் வேண்டாம், சமையலறையுள்ள ஃபிளாட் எடுங்கள் என்கிறேன்.

ஃபிளாட் எடுக்கும்போது லிஃப்ட் உண்டா அல்லது தரைத்தளமா என்று கேளுங்கள். 'கடலுக்குப் படி எத்தனை' என்றும் கேளுங்கள். பலிட்டோ மேட்டு நிலம், 'கடலிலிருந்து 100 மீட்டர்' என்று விளம்பரத்தில் இருக்கும், அது 80 படியாகவும் இருக்கும். அத்தையின் முட்டிக்கு அந்தப் படிதான் விடுமுறையைத் தீர்மானிக்கும். நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கிறதா என்று சின்னவனுக்காகக் கேளுங்கள். டிசம்பரில் பல இடங்களில் ஏழு ராத்திரிக்குக் குறைந்து கொடுக்க மாட்டார்கள், உங்களுக்கு அது தோதுதான். பாதி விலை சொல்லி, இன்றே முன்பணம் போடுங்கள் என்று அவசரப்படுத்தினால் விலகிவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படிப் பணம் போட்டு, பெட்டியோடு வந்து நின்றபோது அந்த முகவரியில் வேறு யாரோ குடியிருந்தார்கள். வீடியோ காலில் ஃபிளாட்டைக் காட்டச் சொல்லுங்கள். பால்கனியிலிருந்து கடல் வரை.

டிசம்பர் 26, ஜனவரி 1 இரண்டு நாளும் டர்பன் நகரக் கடற்கரைப் பக்கம் காரை எடுத்துப் போகவே வேண்டாம். லட்சக்கணக்கில் ஜனம். காணாமல் போகிற பிள்ளைகளுக்காகவே கையில் அடையாளப் பட்டை கட்டி விடுவார்கள். அந்த நாட்களில் வீட்டுக்குப் பக்கத்துக் கரையில் விடிகாலையில் குளித்துவிட்டு வந்து படுத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளிலும் சின்னவன் கையில் உங்கள் நம்பரை அழியாத பேனாவால் எழுதி விடுங்கள்.

இப்போது முதல் வேலை: மாமாவுக்குப் போன் போட்டு டிசம்பரில் அமாவாசை என்றைக்கு, பௌர்ணமி என்றைக்கு என்று கேளுங்கள். அதில் ஒன்று உங்கள் பலிட்டோ வாரத்தின் நடுவில் வரும்படி ஃபிளாட்டைப் பிடியுங்கள். அடுத்து கோல்ட் ரீஃப் சிட்டி. உஷாக்கா டிக்கெட்டை மட்டும் இப்போது வாங்காதீர்கள். பலிட்டோ வந்து சேர்ந்து, மறுநாள் காற்று எப்படி என்று பார்த்துவிட்டு, ராத்திரி போனிலேயே வாங்கிக்கொள்ளலாம்.